வாக்கோவர் சம்பியனுக்கு வோட் இல்ல

என்னட்ட ரெண்டு தங்க மெடல் இருக்கு. ரெண்டும் ஹெவிவெயிட் பொக்சிங்கில வென்டது. ஒரு அடி அடிக்கவும் இல்ல, வாங்கவும் இல்ல. பொறுங்கோ, விளங்கப்படுத்துறன்.

எங்கட நாட்டில நூறு கிலோவுக்குக் கிட்ட இருந்துகொண்டு ரிங்குக்குள்ள ஏறுற ஆக்கள் சரியான குறைவு. அந்த சைஸில இருக்கிறவன் ஒண்டில் ரக்பிக்குப் போயிடுவான், இல்லாட்டி கலியாணம் கட்டிடுவான். அதால பொக்சிங் மீட்டுக்குப் பேர் குடுத்தா மற்றப் பக்கம் ஆள் வராது. எண்டாலும் சட்டம் சட்டம்தான். கிளவ்ஸ் கட்டோணும், ஏறோணும், பெல் அடிக்கிற வரைக்கும் தனியா நிக்கோணும். எதிர்க் கோர்னர்ல வெறும் ஸ்டூல். ரெஃப்ரி வந்து என்ட கையத் தூக்குவார், முடிஞ்சுது. இதுக்குப் பேர்தான் வாக்கோவர். முதல் தரம் நான் அந்த ஸ்டூலுக்கு நேர ரெண்டு ஜாப் குத்து விட்டுக் காட்டினன். சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது.

வெள்ளவத்தையில எங்கட ஃப்ளாட்டுக்கு ஆர் வந்தாலும் அம்மா மெடலைக் காட்டி "மகன் சம்பியன்" எண்டுவா. நானும் மறுக்கிறேல்ல. ஆனா கொட்டாஞ்சேனையில எனக்கு ஒரு மரியாதையும் இல்ல.

எங்கட கிளப் அங்கதான், சேர்ச்சுக்குப் பின்னால இருக்கிற ஒரு பழைய ஸ்டோர். நடத்திறது ஒரு அக்கா. பகல்ல துறைமுகத்தில கிளார்க், பின்னேரம் எங்களைப் போட்டுக் காய்ச்சுவா. அவ இருபது ஃபைட்டுக்கு மேல அடிச்ச ஆள், மூக்கு கொஞ்சம் இடப்பக்கம் பார்க்கும். சுவர்ல ஒரு கரும்பலகை. அதில டைம்டேபிள் ஒண்டும் இல்ல. உலகத்தில இதுவரைக்கும் வந்த ஹெவிவெயிட்காரர்ல பெஸ்ட் பத்துப் பேர் மட்டும்தான். சொந்தப் பேர் எழுதுறேல்ல, நாங்க வச்ச பட்டம். முதலாவது டான்ஸர். ரெண்டாவது சுத்தியல். மூண்டாவது கறுப்புவெள்ளை, ஏனெண்டா அந்த மனுசன்ட ஃபைட் எல்லாம் புழுதி விழுந்த பழைய ஃபில்ம்லதான் இருக்கு. நாலாவது நெட்டையன், இந்தக் காலத்து ஆள்.

பலகைக்கு ஒரு சட்டம். ஒரு ஃபைட் அடிச்சா, வென்டாலும் தோத்தாலும், ஒரு வோட். அந்த வோட்டால ஒருத்தரை ஒரு இடம் ஏத்தலாம், இல்லாட்டி பத்தாவது ஆளைத் தூக்கிட்டு புது ஆளைப் போடலாம். வாக்கோவருக்கு வோட் இல்ல. அக்கா போட்ட சட்டம், அப்பீல் கிடையாது.

இந்த அநியாயத்தைப் பாருங்கோ. கிளப்பில ஒரே ஹெவிவெயிட் நான். ஹெவிவெயிட்காரரைப் பற்றின லிஸ்ட்டில வாய் திறக்க உரிமை இல்லாதவனும் நான். கொம்பனித்தெருவில இருந்து வாற என்ட கூட்டாளி ஐம்பது கிலோ தாண்ட மாட்டான், காத்தடிச்சா கோல் ஃபேஸ் கடற்கரையில போய் விழுவான். அவனுக்கு பதினொரு வோட்.

"நெட்டையன்தான்டா நம்பர் வன்," எண்டு நான் ஒவ்வொரு நாளும் தொடங்குவன். "கறுப்புவெள்ளை காலத்து ஆக்கள் இப்ப வந்தா வெயிட்டே காணாது. நெட்டையன் கைய நீட்டினா அவங்கள் கிட்ட வரவே ஏலாது."

"மச்சான், ஒனக்கு வோட்டே இல்ல, என்னத்துக்கு வாய் கிழியக் கத்துற?" எண்டுவான் அவன். "போய் அந்த ஸ்டூல்ட்டக் கேளு, ஒன்ட பஞ்ச் எப்பிடி ஈந்திச்செண்டு."

"டேய், நான் கட்டாயம் ஒரு ஃபைட் அடிப்பன். அடிச்சு நெட்டையனை ஏத்துவன்."

"ஆரோட? ஃப்ரிஜ்ஜோடயா?"

அக்கா திரும்பியும் பார்க்க மாட்டா. "வோட் இல்லாதவர் ஸ்கிப்பிங் அடிக்கலாம்," எண்டு மட்டும் சொல்லுவா.

போன மாசம் நுகேகொடையில ஒரு மீட். மூண்டாம் தரமும் வாக்கோவர்தான் எண்டு நினைச்சு நான் பெரிசா பிரக்டிஸும் பண்ணேல்ல. பாரம் பார்த்து முடிய வெளியில போய் மூண்டு முட்டை ரொட்டியும் ஒரு பிளேன்டீயும் அடிச்சனான். திரும்பி வந்தா எதிர்க் கோர்னர் ஸ்டூல்ல ஒருத்தர் குந்தியிருக்கிறார்.

உண்மையான மனுசன்! கட்டை ஆள், கழுத்து எண்டு ஒரு சாமானே இல்ல, தோள்ல இருந்து நேர தலை. களுபோவில பக்கம் ஒரு பேக்கரியில மா மூட்டை தூக்கிறவராம். அவரும் என்னைப் பார்த்து முழிக்கிறார். பிறகுதான் கதை வெளியில வந்துது, அவருக்கும் இவ்வளவு நாளும் வாக்கோவர்தான். அவர்ட பையிலயும் ரெண்டு மெடல்.

"மல்லி, பயவென்ன எப்பா," எண்டார் சிங்களத்தில. தம்பி, பயப்படாதயாம். சொல்லேக்க அவர்ட குரலே நடுங்கிச்சு.

எனக்குச் சந்தோசத்தில கண்ணில தண்ணி வராத குறை. வோட்! என்ட வோட் அந்த ஸ்டூல்ல குந்தியிருக்கு!

பெல் அடிச்சுது. நான் நெட்டையன் மாதிரி கைய நீட்டிக்கொண்டு போனன். அந்த மனுசன் கைக்குக் கீழால வந்து, மா மூட்டை இறக்கிற மாதிரி என்ட வயித்தில ஒண்டு இறக்கினார். மூண்டு முட்டை ரொட்டியும் எழும்பி வாசலுக்கு வந்து நிண்டுது.

"நீட்டுடா கைய!" எண்டு கோர்னர்ல கூட்டாளி கத்துறான். "எங்கடா ஒன்ட நெட்டையன்?"

அடி எண்டா என்ன எண்டு அண்டைக்குத்தான் தெரிஞ்சுது. ஃபோன்ல ஃபைட் பார்க்கேக்க அது ஒரு சத்தம். உடம்பில விழேக்க மூச்சைத் தேடிக் கண்டுபிடிக்கோணும். ரெண்டாம் ரவுண்ட்ல விலாவில வாங்கினன், பிறகு காதில, பிறகு அதே விலாவில. கயித்தைப் பிடிச்சுக்கொண்டு நிண்டனே தவிர விழேல்ல. கீழ போனா எழும்ப மாட்டன் எண்டு வடிவாத் தெரியும். மூண்டாம் ரவுண்ட் முடியிறதுக்குக் கொஞ்சம் முந்தி என்ட ஒரு ஜாப் அவர்ட மூக்கில போய் இருந்திச்சு. ஐயோ, அந்த சுகம்! ரெண்டு பேரும் ஒரு செக்கன் நிண்டு சிரிச்சிட்டம். ரெஃப்ரி ஏசினார்.

தோத்திட்டன். கிட்டவும் போகேல்ல, சுத்தமா தோத்திட்டன். பேக்கரி அண்ணை என்னைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு விடேல்ல. ரெண்டு பேருமா முகத்தில ஐஸ் வச்சுக்கொண்டு செல்ஃபி எடுத்தம்.

அடுத்த நாள் பின்னேரம் கிளப்புக்குள்ள காலை வச்சன், எல்லாரும் கை தட்டினாங்கள். அக்கா சோக்குக் கட்டியை நீட்டினா. "இந்தா, அடி வாங்கின சம்பியன்."

"நெட்டையன்! நெட்டையன்!" எண்டு எல்லாரும் நக்கலுக்குக் கத்துறாங்கள். கூட்டாளி பலகைக்கு முன்னால கைய விரிச்சுக்கொண்டு மறிக்கிறான். "மூண்டாம் இடத்துக்குத் தூக்கப் போறான், எனக்கித் தெரியும், பாருங்க!"

நானும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு வந்தனான். சத்தியமா. ஆனா சோக் கையில வந்தோடன நான் குனிஞ்சன். பத்தாவது இடத்தில இருந்த பேரைத் துடைச்சிட்டு "விழாதவன்" எண்டு எழுதினன்.

"ஆர்டா அது?"

"பெரிய ஆக்கள் எல்லாரோடயும் அடிச்ச ஒருத்தன். எல்லாரிட்டயும் தோத்தவன். ஒருத்தராலயும் விழுத்த ஏலாமப் போச்சு. முழு ரவுண்டும் நிண்டவன்டா! நான் மூண்டு ரவுண்டுக்கே அம்மாவைக் கூப்பிட்டனான்."

பிறகு கூட்டாளி பலகையை வடிவாப் பார்த்தான்.

"அடோ! நீ துடைச்சது என்ட ஆளையாடா! நான் ஒரு ஃபைட் அடிச்சு உள்ளுக்குப் போட்ட ஆள்! ஒரு வருஷமா நெட்டையன் நெட்டையன் எண்டு காதைத் திண்டிட்டு, கடைசியா என்ட ஆளைத் தூக்கிறியா? அக்கா, இது செல்லாது!"

"செல்லும்," எண்டா அக்கா. "திருப்பி ஏத்தோணுமெண்டா கிளவ்ஸைக் கட்டு."

அவன் உண்மையாவே கிளவ்ஸ் எடுக்க ஓடினான். நான் நிலத்தில குந்திச் சிரிச்சன். சிரிக்கச் சிரிக்க விலா உயிர் போகுது. நிப்பாட்டத்தான் ஏலாமக் கிடந்துது.