சமையலறைச் சுவரும் நிறைவேற்று அதிகாரமும்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அரசியலமைப்பு நிபுணர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் என் அப்பா. மற்றவர் அம்மாவின் தம்பி, என் மாமா. அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் ரோலர் மெஷின் பார்த்தவர், மாமா மலையில் செடிகளுக்குக் கவ்வாத்து வெட்டியவர். இருவரும் அரசியலமைப்பைக் கண்ணால் கண்டதில்லை. அதனால் அவர்கள் அறிவுக்கு எந்த இடைஞ்சலும் வரவில்லை. பக்கத்துப் பக்கத்து வீடு, இரண்டுக்கும் முன்னால் திண்ணை போல ஒரே இஸ்தோப்பு. சாயங்காலம் முகம் கழுவி, மப்ளரைக் காதோடு சுற்றிக்கொண்டு அங்கே உட்கார்ந்தார்கள் என்றால், கொழும்பில் யாராவது ஒரு ஜனாதிபதிக்குத் தும்மல் வந்திருக்கும்.

இருவரும் வேறு வேறு கட்சி. தன் ஆள் ஜனாதிபதியாக இருந்தால் அவருக்கு அதிகாரம் போதாது. அடுத்தவன் ஆள் இருந்தால் அதிகாரம் அளவு மீறிவிட்டது, நாடு நாசம். இதில் மட்டும் இரண்டு பேருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.

இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாக முடியாது என்ற வரம்பை நீக்கியபோது ஆட்சியில் இருந்தவர் மாமாவின் ஆள். அப்பா அன்று ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிவைத்தார்.

"இனி அவன் சாகுற மட்டும் எறங்க மாட்டான். எலெக்சனே வைக்க மாட்டான், பாத்துக்கிட்டே இரு."

"நல்லா வேல செய்ற ஆள எதுக்கு மச்சான் நிப்பாட்டணும்?" என்றார் மாமா. "ஒங்கள யாராச்சும் ரோலர்ல ரெண்டு தவணதான்னு எறக்கி விட்டாங்களா?"

அப்புறம் தேர்தல் வந்தது. அந்த ஆள் தோற்றார், மரியாதையாக இறங்கியும் போனார். ஜெயித்தது அப்பாவின் ஆள்தான். ஆனாலும் தன் தீர்க்கதரிசனம் பொய்த்துப்போனதில் அப்பாவுக்கு உள்ளூர ஒரு வருத்தம் இருந்தது என்று நினைக்கிறேன். ஜனாதிபதியின் நிறைவேற்று அதிகாரத்தையே ஒழிப்பேன் என்று சொல்லி வந்த அவருடைய ஆள் அதை ஒழிக்கவில்லை. அப்பா சளைக்கவில்லை. "அதிகாரத்த ஒழிக்கவும் கையில அதிகாரம் வேணும்ல?" என்றார். மாமா மறுநாளிலிருந்து ஜனநாயகக் காவலர் ஆகிவிட்டார்.

பிறகு ஒரு நாள் அப்பாவின் ஆள், மாமாவின் ஆளையே திடீரென்று பிரதமராக்கினார். பாராளுமன்றத்தைக் கலைத்தார், விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. நாடே பேசிக்கொண்டிருந்த அந்த நாள்களில் எங்கள் இஸ்தோப்பு மட்டும் அமைதியாக இருந்தது. யாருக்குப் பயப்படுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

இவ்வளவு பேச்சும் நடந்த இடத்திலிருந்து பத்தடி உள்ளே போனால், பகலெல்லாம் மலையில் கொழுந்து பறித்துவிட்டு வரும் அம்மாவின் சமையலறை. அதற்கு ஜன்னல் கிடையாது. கவ்வாத்து மலையிலிருந்து கொண்டுவந்த தேயிலைக் குச்சி எரியும். பாதி நாள் ஈரக் குச்சி. புகை போக வழியில்லாமல் அம்மாவுக்குள்ளேயே போகும். இருமல் என்பது அம்மாக்களுக்கு இயற்கை என்றுதான் சின்ன வயதில் நினைத்திருந்தேன். வளர்ந்து ஹட்டனில் ஒரு பார்மசியில் விற்பனைப் பெண்ணாக வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் அதற்குப் போத்தல் போத்தலாக மருந்து விற்கிறார்கள் என்று தெரிந்தது. நானும் வாங்கிக்கொண்டு போவேன். அம்மா குடித்துவிட்டு, போய் அடுப்பை ஊதுவாள்.

சுவரில் ஒரு ஓட்டை போட்டு ஜன்னல் வைத்தால் தீர்ந்தது. ஆனால் லயத்துச் சுவரில் கை வைக்கக் கூடாது. நான் பிறக்கும் முன்னால், காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டில், தோட்டத்தை நடத்திய ஒரு துரை அப்படிச் சொன்னாராம். எந்தத் துரை என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். துரைமார் எத்தனையோ பேர் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். அந்த உத்தரவுக்கு மட்டும் பதவிக்கால வரையறை இல்லை.

அப்பாவின் ஆள் ஆட்சியில் இருந்தபோதே அப்பா திட்டம் போட்டார். ஜனாதிபதி ஒரு வார்த்தை சொன்னால் துரை அசைய மாட்டாரா?

"தொரகிட்டயே கேட்டுப் பாருங்களேன்" என்று நான் சொன்னேனா என்றால், இல்லை. எனக்கும் அது தோன்றவில்லை. தோட்டத்தில் யாருக்கும் தோன்றாது. அப்பாவின் கணக்கு இப்படி: "நாம போய்க் கேட்டா முடியாதுன்னுருவாரு. ஒருக்கா முடியாதுன்னுட்டா அதோட போச்சு. மேல இருந்து வரணும்."

அங்கேதான் மாமா குறுக்கே விழுந்தார்.

"மச்சான், தோட்டத்தக் கம்பனிக்குக் குத்தகைக்குக் குடுத்திருக்கு. அதுக்குள்ள கைய விட ஜனாதிபதிக்கு அதிகாரம் இல்ல. சட்டம்னு ஒன்னு இருக்குல்ல?"

அம்மா கதவருகில் தேத்தண்ணியோடு நின்றாள். "டேய், இருமுறது ஒன் அக்காடா."

"அக்கா வேற, சட்டம் வேற."

மாமாவுக்கு நீட்டிய கோப்பையை அம்மா அப்படியே திருப்பி உள்ளே கொண்டுபோய்விட்டாள். அப்பா விடாமல் தொழிற்சங்கத் தலைவரோடு நுவரெலியாவுக்குப் போனார், யாரோ ஒரு பெரிய மனிதருடைய செயலாளரைப் பார்க்க. பகல் முழுக்க நின்றுவிட்டு ஒரு கலண்டரோடு திரும்பி வந்தார். அதில் தலைவர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் வர வேண்டிய சுவரில் ஆணியடித்து அதை மாட்டினார். ஒரு மாதத்தில் புகை பட்டு எல்லாத் தலைவர்களும் ஒரே நிறமானார்கள்.

அடுத்து வந்தவர் மாமாவின் கட்சிக்காரர். மாமா வெடி கொளுத்தினார். கையோடு அம்மாவிடம் வந்து, "அக்கா, இந்த மனுசன் ஒரு உத்தரவு போட்டா எந்தத் தொரயும் பேச முடியாது. ஜன்னல் வந்த மாதிரிதான்" என்றார். போன ஆட்சியில் இருந்த சட்டம் எங்கே போயிற்று என்று அவரிடம் கேட்க ஆளில்லை. கேட்க வேண்டிய அப்பாவோ அதைவிட மோசம்.

"அவன் குடுக்குற ஜன்னல் எனக்கு வேணாம். இன்னைக்கு ஜன்னல் வைக்கச் சொல்றவன் நாளைக்கு வீட்ட இடிக்கச் சொல்லுவான். ஒரு ஆள் கையில இம்புட்டு அதிகாரம் இருக்கக் கூடாது."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இருமுறது நீங்க இல்லையேப்பா" என்றேன்.

"ஒனக்கு அரசியல் தெரியாது" என்றார்.

எனக்கு இருமல் தெரியும். அம்மாவின் இருமல் வரவர வறண்டு, அடி நெஞ்சிலிருந்து வர ஆரம்பித்திருந்தது. அந்த ஆட்சியும் பெற்றோல் வரிசையிலும் கேஸ் வரிசையிலும் சிக்கி, மாமா எதிர்பார்த்ததற்கு முன்பே கவிழ்ந்தது. கேஸ் அடுப்பு வைத்திருந்த வீடுகளும் விறகுக்குத் திரும்பின. லயம் முழுக்கப் புகை.

இப்போது இருக்கும் ஜனாதிபதி இரண்டு பேருக்குமே வேண்டாதவர். அதனால் வாழ்க்கையில் முதல் தடவையாக இருவரும் ஒரே ஆளுக்குப் பயப்படுகிறார்கள். இஸ்தோப்பில் அப்படி ஓர் ஒற்றுமையை நான் பார்த்ததே இல்லை.

அப்படி ஒரு நாள், பெருமழைக்குப் பிறகு தண்ணீர் ஓடும் கான் அடைத்திருக்கிறதா என்று பார்க்கத் துரை லயத்துக்கு வந்தார். சின்ன வயதுக்காரர், சிங்களவர், தமிழைத் தட்டித் தடவிப் பேசுவார். இத்தனை ஜனாதிபதிகளையும் அவன் இவன் என்று பேசிய என் அப்பா எழுந்து நின்று மப்ளரை அவிழ்த்தார். மாமாவும் அவிழ்த்தார். உள்ளே அம்மா இருமிக்கொண்டே இருந்தாள்.

"யாருக்குச் சொகமில்ல?" என்று கேட்டபடி துரை சமையலறை வரைக்கும் போய்விட்டார். அடுத்த நொடி கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

அம்மாவும் பின்னாலேயே வந்தாள். சுவரைப் பிடித்து மூச்சை எடுத்துக்கொண்டு, "தொர, இந்தச் சுவத்துல ஒரு ஜன்னல் வச்சுக்கட்டுங்களா?" என்றாள்.

"வைங்க. ஏன் இவ்வளவு நாள் வைக்க இல்ல?"

"விட மாட்டீங்கன்னு சொன்னாங்க."

"யார் சொன்னது? என்கிட்ட யாரும் கேக்க இல்லதானே."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா கானைப் பார்த்தார். அந்த வாரமே தோட்டத்து மேசன் வந்து சுவரை உடைத்து ஜன்னல் வைத்துவிட்டுப் போனார். அரை நாள் வேலை.

அன்று சாயங்காலம் இஸ்தோப்பில் விவாதம் மறுபடி சூடாகிவிட்டது.

"புது ஜனாதிபதிக்குப் பயந்துதான் தொர குடுத்திருக்காரு" என்றார் மாமா.

"அதத்தானே நானும் சொல்றேன்" என்றார் அப்பா. "ஒரு ஜனாதிபதிக்குத் தொரையே பயப்படுறாருன்னா, இது சர்வாதிகாரம் இல்லாம வேற என்ன?"

நான் வாயைத் திறந்திருந்தால் அன்று உறவே அறுந்திருக்கும்.

ஜன்னல் வந்து மூன்று மாதமாகியும் இருமல் போகவில்லை. நுவரெலியா ஆஸ்பத்திரியில் நெஞ்சுப் படம் எடுத்தோம். புகை தின்ற இடம் தின்றதுதான், இனி அது திரும்பாது, மிச்சத்தைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னார். உறிஞ்சுகிற மருந்து எழுதிக் கொடுத்தார். அதை நான் நாளும் விற்கிறேன். எந்த நிலையில் எழுதிக் கொடுப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பாவையும் மாமாவையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு வந்தாள். தலவாக்கலை தாண்டியதும் என் கையைப் பிடித்தாள்.

"அவங்கள விடுடி, அவங்களுக்கு எப்பவும் பேச்சுத்தான். அந்தத் தொர நாலு வருசமா நம்ம தோட்டத்துல இருக்காரு. தெனமும் கொழுந்து நிறுக்குற எடத்துல எனக்கு முன்னாலதான் நிப்பாரு. நான் வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்ல?"