பதினோராவது இடம்

குருநகர் லவீனாவைப் போல ஒழுங்கான ஆளைக் காண்பது அரிது. நண்டுக் கம்பனியில் பதின்மூன்று வருட வேலை. கால் முறிந்த நண்டு ஒரு தட்டில், சிறியது ஒரு தட்டில், முட்டை நண்டு இன்னொரு தட்டில். ஒன்று மாறி விழுந்தாலும் பக்கத்தில் நிற்கிற எனக்குத்தான் பேச்சு விழும். அப்படிப்பட்டவள் கணினிக்கு முன்னால் இருந்ததும் எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டினாள். இப்போதும் நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தேவாலயத்தின் பங்கு மண்டபத்தில் சனிக்கிழமைகளில் பெண்களுக்குக் கணினி வகுப்பு. நெல்லியடியிலிருந்து பஸ்ஸில் வரும் கோகுலன் படிப்பித்தான். ஆளுக்கொரு சின்ன விளையாட்டு எழுத வேண்டும். லவீனா எழுதியது படகு விளையாட்டு. பாறையில் முட்டாமல் மீன் பிடித்துக் கரைக்கு வரவேண்டும். படகுக்குச் ‘சின்ன யாகப்பர்’ என்று பெயர் வைத்தாள்.

அது அவளுடைய அண்ணன் சுபாஸின் படகு. மூன்று வருடத்துக்கு முன் கடலுக்குப் போனது. படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. உடல் கிடைக்காததால் சுபாஸின் மனைவி றஜனி சேமக்காலையில் சிலுவை நட விடவில்லை. மாதாமாதம் கணவர் சுகமாகத் திரும்ப வேண்டுமென்று கோயிலில் பூசை கொடுப்பாள். லவீனாவும் பக்கத்தில் முழங்காலில் நிற்பாள்.

படகின் பெயரைத் திரையில் கண்ட றஜனி ஒன்றுதான் கேட்டாள்.

“உந்தப் பேரை எடுத்துவிடு. அவர் வந்து பார்த்தா என்ன நினைப்பார்?”

“ஓம் மச்சாள், எடுக்கிறன்.”

அந்தப் பெயர் ஒரு இடத்திலா இருந்தது? அறுநூறு வரியும் ஒரே கோப்பில். தேவைப்பட்ட இடமெல்லாம் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதி வைத்திருந்தாள். கோகுலன் தலையில் கைவைத்தான்.

“நண்டையும் இறாலையும் ஒரே பெட்டியிலை போடுவியளோ அக்கா? படகுக்கு ஒரு கோப்பு, பாறைக்கு ஒரு கோப்பு எண்டு பிரியுங்கோ. பேரை ஒரேயொரு இடத்திலை வையுங்கோ. மற்ற இடமெல்லாம் அங்கையிருந்து எடுக்கட்டும்.”

“ஓடுதுதானே தம்பி, ஏன் கிண்டுவான்?”

“ஓம், ஓடுறதை ஏன் கிண்டுவான்?” என்று நானும் ஒத்தூதினேன். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

கண்ணால் தேடித் தேடிப் பத்து இடத்தில் ‘கடற்பறவை’ என்று மாற்றினாள். பதினோராவது இடம் கண்ணில் படவில்லை. அது தோற்றால் மட்டும் வரும் வசனம். தான் எழுதிய விளையாட்டில் அவள் தோற்றதே இல்லை.

வகுப்பு முடிந்த நாளன்று எல்லோரும் தங்கள் விளையாட்டைக் காட்ட வேண்டும். றஜனியை லவீனாவே கையைப் பிடித்துக் கூட்டிவந்து கதிரையில் இருத்தினாள். றஜனி சிரித்துச் சிரித்து விளையாடினாள். அவள் அப்படிச் சிரித்து நாங்கள் கண்டு எவ்வளவு காலம்! மூன்றாவது பாறையில் படகு முட்டியது. திரையில் எழுத்து வந்தது.

‘சின்ன யாகப்பர் மூழ்கிப்போச்சு. ஒருத்தரும் தப்பேல்லை.’

லவீனாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

“மச்சாள், மாத்தினனான்... உதொண்டு விட்டுப்போச்சு.”

றஜனி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பேர் விட்டுப்போகட்டும். வசனத்தை ஆர் எழுதினது?”

லவீனா திரையை அணைக்கக் கை நீட்டினாள்.

“எனக்குப் பக்கத்திலை முழங்காலிலை நிண்டு என்னத்தைச் செபிச்சனி? உண்மையைச் சொல்லு.”

லவீனா அழத் தொடங்கினாள். குற்றம் செய்தவளின் அழுகை வேறு மாதிரி, சத்தமே வராது. கடைசியில் சொன்னாள்.

“அண்ணையின்ரை ஆத்துமா சாந்தியடைய வேணுமெண்டு.”

“எப்ப தொடக்கம்?”

“முதல் மாசப் பூசையிலையிருந்து.”

றஜனி ஏசுவாள், அடிப்பாள் என்று நினைத்து நான் எழும்பிக் கிட்டப் போனேன். அவள் லவீனாவை நிமிர்ந்து பார்த்தாள்.

“அப்ப இந்த மூண்டு வருசமும் அவர் வருவாரெண்டு நான் தனியத்தானே பாத்துக்கொண்டு இருந்திருக்கிறன்.”