அக்காவின் முன்பல்

1966 ஆகஸ்ட் 17, புதன்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். வானம் மூட்டம், மழை இல்லை, புழுக்கம்தான். திண்டிவனத்தில் ஒரு தொடக்கப்பள்ளியின் இரண்டாம் வகுப்பில் ஏழாம் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த என் அக்காவின் முன்பல்லிலிருந்து வெள்ளைச் சில்லு ஒன்று கழன்று மேசைமேல் விழுந்தது. அவள் எதையும் கடிக்கவில்லை. ‘ஏழு ஆறு’ என்று வாயைத் திறந்தாள், அவ்வளவுதான். முதல் வரிசைச் சிறுமி எழுந்து வந்து சில்லைப் பொறுக்கி நீட்டினாளாம்: “டீச்சர், உங்க பல்லு.” வகுப்பில் நாற்பத்துமூன்று பிள்ளைகள்.

அந்தப் பல்லைச் செய்தவன் நான். விழுப்புரத்தில் ஒரு பல் டாக்டரிடம் செயற்கைப் பல் செய்யும் மெக்கானிக்காக இருந்தேன். அக்கா பதினொரு வயதில் குழாயடியில் வழுக்கி விழுந்து பல்லைப் பாதியாக உடைத்துக்கொண்டவள். பதினெட்டு ஆண்டுகள் இடக்கையால் வாயை மூடிக்கொண்டே சிரித்தாள். டாக்டர் சென்னையிலிருந்து புதுவகைப் பீங்கான் பொடி வரவழைத்தபோது, முதல் பல் அக்காவுக்கு என்று நானே கேட்டு வாங்கினேன். உடைந்த பல்லின்மேல் மாட்டும்படி உலோகத்தில் மெல்லிய தொப்பி செய்து, அதன்மேல் பீங்கானை மூன்று அடுக்காகப் பூசி, ஒவ்வோர் அடுக்கையும் தனியே சுட வேண்டும். இதற்கென்றே செய்த உலோகத்தில்தான் பூச வேண்டும் என்று பொடியுடன் வந்த தாளில் இரண்டு இடங்களில் அச்சிட்டிருந்தது. அதில் ஒரு துண்டும் எங்களிடம் இருந்தது.

ஆசாரியிடம் நகை செய்தாலும் சொந்தத் தங்கத்தைக் கொடுத்து, உருக்கி முடியும்வரை எதிரே உட்கார்ந்திருக்கும் குடும்பம் எங்களுடையது. அம்மா அக்காவின் தோடு ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு, அவளையும் அழைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்துவிட்டாள். டாக்டர் அன்று ஊரில் இல்லை. நான் காட்டிய உலோகத் துண்டை அம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“வெளுப்பா கீது, தகரமாட்டம். இன்னா கலப்போ. எம்பொண்ணு வாயில நம்ம வூட்டுத் தங்கம்தான் போவணும். நான் இங்கியே குந்திக்கினு இருக்கேன், நீ உருக்கு.”

“இது நகை இல்லம்மா. பீங்கான் ஒட்டாது.”

“ஒட்ட வெக்கத்தான உனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?”

அக்கா வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். “உருக்கிட்றா. இல்லன்னா கடைசி பஸ்ஸு வரிக்கும் அம்மா எழுந்திருக்காது.”

உருக்கினேன். சூட்டில் உலோகத்தின்மேல் மெல்லிய தோல் ஒன்று படிய வேண்டும். பீங்கான் பிடித்துக்கொள்வது அதைத்தான். நகைத் தங்கத்தில் அது படியாது. தவிர, ஆறும்போது தங்கம் பீங்கானைவிட அதிகம் சுருங்கும். பீங்கான் உடனே உடையாது. அந்த இழுப்பை உள்ளேயே வைத்துக்கொண்டு பளபளவென்று இருக்கும். எல்லாம் எனக்குத் தெரியும். சூளையிலிருந்து எடுத்து ஏழு முறை பார்த்தேன், விரிசல் இல்லை. தாள்தான் தப்பு என்று நம்பிக்கொண்டேன். ஜூலை 29 அன்று பொருத்தும்போது டாக்டர் உட்புற மஞ்சளைக் கவனித்து என்னைப் பார்த்தார். “நல்லா ஒட்டியிருக்குங்க” என்றேன். அக்கா கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். இடக்கை மடியிலேயே இருந்தது.

சில்லு போன இடத்தில் தங்கம் மின்னியது. மறுநாளே ‘தங்கப்பல் டீச்சர்’ என்று பிள்ளைகள் பெயர் வைத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது கை மறுபடி வாயருகே வந்திருந்தது. தெரிந்தே செய்தேன் என்று ஒப்புக்கொண்டேன். “உட்றா. பத்தொம்போது நாளு சிரிச்சேன் இல்ல” என்றாள். அவளும் எண்ணியிருக்கிறாள்.

சரியான உலோகத்தில் இன்னொன்று செய்து எடுத்துப்போனேன். அவள் தொட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள். “இன்னொரு வாட்டி புள்ளைங்க முன்னால உயுந்தா நான் தாங்க மாட்டேன்டா.”

அதன்பின் முப்பத்தோரு ஆண்டுகள் இருந்தாள். அந்த ஆண்டுகளில் எடுத்த அவள் புகைப்படங்கள் ஆறு என்னிடம் இருக்கின்றன. இந்த எண்பத்தைந்து வயதிலும் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்; ஆறிலும் உதடு மூடியிருக்கிறது. ஒருவர் வாய்க்கு அளவெடுத்துச் செய்த பல் இன்னொருவருக்கு உதவாது. அந்த இரண்டாவது பல்லின் உலோகத்துக்காக டாக்டர் என் சம்பளத்தில் பிடித்தது அறுபத்திரண்டு ரூபாய்.