காலையில் அரிசி, மத்தியானத்துக்கு மேல் மிளகாய்

மில்காரனைப் பார்த்து யாரும் முதலில் வணக்கம் சொல்வதில்லை. தும்மிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்கள். நாற்பது வயதில் ஒரு தொழிலை விட்டு இன்னொன்றில் காலை வைத்தவர்கள் இதைப் படித்தால், அவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. பக்கத்தில் வந்து உட்காருங்கள், மூக்கை மட்டும் பொத்திக்கொள்ளுங்கள்.

நான் மாத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஆபீஸ் கிளாக்கராக இருந்தவன். தோட்டங்களை அரசாங்கம் எடுத்தபோது ஆபீசுக்குப் புது ஆட்கள் வந்தார்கள். பழைய நாற்காலிகளை வைத்துக்கொண்டு பழைய ஆட்களை அனுப்பிவிட்டார்கள். குவாட்டர்ஸையும் விட வேண்டியதாயிற்று. பலாபத்வலையில், பெரிய ரோட்டு ஓரமாக ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, யாரோ பாவித்துக் கழித்த அரைக்கிற மெஷின் ஒன்றை வாங்கி வைத்தேன்.

என் மனைவி பாக்கியத்தின் அண்ணன் ராமையா அப்போது, இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தப்படி, குடும்பத்தோடு இந்தியாவுக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தார். எங்களையும் கூட்டிப் போவதற்கு ஒரு விண்ணப்பத் தாளை நிரப்பி, எங்கள் கையெழுத்துக்காகச் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்தார். வரும்போதெல்லாம் அதை எடுத்து விரித்து, மெஷின் மேலேயே வைப்பார். பாக்கியம் அண்ணனையும் பார்த்தாள், மெஷினையும் பார்த்தாள். "வர்ற தைப்பொங்கல் வரைக்கும் பாப்போம்ண்ணே. அதுக்குள்ள இது எங்களுக்குச் சோறு போடலைன்னா உங்களோட கப்பல் ஏறிடுறோம்" என்றாள். ராமையா தாளை மடித்துக்கொண்டே சொன்னார்: "பேனா பிடிச்ச கை மச்சான் இது. பொங்கல் வரைக்கும் எதுக்கு, சித்திரை வரைக்கும் தாங்குதான்னு பாருங்க."

ஆபீஸ் புத்தி

மில் திறந்த அன்று மேசை, நீல மை, கோடு போட்ட பெரிய கொப்பி எல்லாம் தயார். பெயர், தகப்பன் பெயர், பிறந்த ஊர், கொண்டுவந்த சாமான், எடை, கையொப்பம் என்று ஆறு கட்டம் போட்டிருந்தேன். மெஷினுக்கு எண்ணெய் விடத்தான் மறந்துவிட்டேன்.

முதலில் வந்தவர் ஆமினா உம்மா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர், நரைத்த தலையை முந்தானையால் மூடிக்கொண்டு, கையில் இரண்டு றாத்தல் மல்லியோடு வந்தார். தகப்பன் பெயரைக் கேட்டேன், சொன்னார். பிறந்த ஊரைக் கேட்டேன், சொன்னார். இங்கே கையொப்பம் வையுங்கள் என்று கொப்பியைத் திருப்பிப் பேனாவை நீட்டியதும், மல்லிப் பையை மேசை மேல் வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தார். "மகன், நான் மல்லி அரைக்க வந்தனா, கலியாணக் காவின் எழுத வந்தனா? அப்ப மாப்பிள யாருன்னு முதல்ல சொல்லுங்களே!"

சித்திரைக் கெவும்

அன்றைக்கே பாக்கியம் அந்தக் கொப்பியைத் துண்டு துண்டாகக் கிழித்தாள். வருகிறவர் பெயரையும் நம்பரையும் ஒரு துண்டில் எழுதி அவரவர் பைக்குள் போட்டாள். வேறு எழுத்து வேலை கிடையாது. மேசையை ஆமினா உம்மா உட்காருவதற்குக் கொடுத்துவிட்டோம்.

ஆனால் ஒரு விஷயம் பாக்கியத்துக்கும் அப்போது தெரியாது. சிங்களப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் இருக்கையில், பக்கத்து வீட்டுப் பொடிமெனிக்கே கெவும் பணியாரம் சுடுவதற்கு ஊறவைத்த பச்சரிசி கொண்டுவந்தார். சற்று முன்புதான் ஐந்து றாத்தல் மிளகாய் அரைத்திருந்தேன். ஆபீஸ் மேசையைத் துடைப்பதுபோல ஒரு துணியால் மெஷின் வாயைத் துடைத்துவிட்டு அரிசியைக் கொட்டினேன். மாவு வெள்ளையாகத்தான் வந்தது. லேசாக ரோஜா நிறம் இருந்ததை நான் வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

புத்தாண்டுக்கு மறுநாள் பொடிமெனிக்கே மில் வாசலில் வந்து நின்றார். ராமையாவின் தாள் என் கண் முன்னே விரிந்தது. இனிப்புப் பாணியும் மாவும் கலந்து பொன்னிறமாகச் சுட்ட கெவுமை, சுப நேரத்தில் வாயில் வைத்த அத்தனை விருந்தாளிகளும் தண்ணீர்ப் பானையைத் தேடி ஓடினார்களாம். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். சிங்களத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்: "மாத்தயா, ஒவ்வொரு வருஷமும் பத்து நாள் தங்குற என் நாத்தனா, ஒரே கெவுமோட சாயங்கால பஸ்ஸுல போயிட்டா. அடுத்த வருஷம் எங்களுக்கு நல்ல மாவா அரைங்க, அவளுக்கு மட்டும் தனியா ஒரு றாத்தல் இதே மாதிரி அரைச்சுத் தாங்க."

ஈரமும் காய்ச்சலும்

அதற்குப் பிறகுதான் காலையில் அரிசி, மத்தியானத்துக்கு மேல் மிளகாய் என்று பாக்கியம் சட்டம் போட்டாள். நடுவில் ஒரு பிடி அரிசியைப் போட்டு ஓட்டி மெஷினைக் கழுவுவதும் அவள் கண்டுபிடித்ததுதான். வேலை சீரானது. ஆனால் நான் வேலை பார்த்த தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயத்திலிருந்து ஒருவரும் வரவில்லை. எங்களைத் தாண்டி, ஒரு மைல் நடந்து வேறு மில்லுக்குப் போனார்கள்.

ஒருநாள் மாரியாயி வந்தார். இருபது வருடம் கொழுந்து பறித்தவர். மூன்று றாத்தல் மிளகாய் அரைத்து நிறுத்தபோது கால் றாத்தல் குறைந்தது. "காய்ஞ்ச சாமான் அரைச்சா கொஞ்சம் பறக்கும்மா" என்றேன். மாரியாயி தராசைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். ஆபீசில் நான் இருந்த காலத்தில், கொழுந்து ஈரம் என்று அவர் கூடைக்கு இரண்டு றாத்தல் வெட்டி எழுதியது இந்தக் கைதான். மழை பெய்யாத நாளிலும் வெட்டியிருக்கிறேன். துரை சொன்னார் என்பது அன்றைக்கு எனக்குப் போதுமான காரணமாக இருந்தது. மெஷினை நிறுத்தி, அடிப்பக்கத்தைத் திறந்து, பிரஷை அவர் கையில் கொடுத்தேன். அவர் மூலை முடுக்கெல்லாம் கூட்டி அள்ளினார். ஏறக்குறைய கால் றாத்தலும் உள்ளேதான் இருந்தது.

அன்றிலிருந்து என் மில்லில் பிரஷ் வாடிக்கையாளர் கையில்தான். மற்ற மில்காரர்கள் சிரித்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை லயமே திரண்டு வந்தது. ஆனால் மாரியாயி அந்த முதல் நாள் பையைத் தலையில் தூக்கிக்கொண்டே சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "அன்னைக்கு ஈரம்னு வெட்டுனீங்க, இன்னைக்குக் காய்ச்சல்னு வெட்டப் பாத்தீங்க. எங்க சாமான் எப்பத்தாங்க ஐயா சரியா இருக்கும்?"

சோறு வேறு, இடியப்பம் வேறு

அது அரிசிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம். இரண்டு கொத்து அளவுக்கு மேல் கொண்டு போனால் வழியில் மறித்துப் பிடுங்கிக்கொள்வார்கள். பல்லேகமப் பக்கத்து விவசாயி பியதாச மாதம் ஒருமுறை என் மில்லுக்கு வந்து, ஒரு சாக்கு அரிசியை மாவாக அரைத்துக்கொண்டு கண்டிக்கு பஸ் ஏறுவார். அங்கே மகள் பிள்ளை பெற்றிருந்தாள். இவ்வளவு மாவு எதற்கு என்று நான் கேட்டதில்லை. மில்காரனுக்குக் காது கொஞ்சம் மந்தமாக இருப்பது நல்லது, மெஷினும் அதற்கு உதவி செய்யும்.

ஒருமுறை பெல்ட் வாங்க நானும் அதே பஸ்ஸில் போனேன். வழியில் ஏறிய அதிகாரி சாக்குக்குள் முழங்கை வரை கையை விட்டார். வெள்ளைக் கையோடு வெளியே எடுத்து, "இது அரிசிதானே?" என்றார். பியதாச எழுந்து நின்று, பணிவாகத் தொப்பியைக் கழற்றினார். "சேர், சோறு கொண்டு போகத்தானே தடை? இடியப்பத்துக்கு இன்னும் சட்டம் வரலையே!"

பெயர்ப் பலகை

ஆவணி மாதத்தில் எனக்கு முதலாளி ஆசை வந்தது. மில்லுக்கு நீளமான பெயர் வைத்து, பெரிய பலகை எழுதி மாட்டினேன். தூளைப் பொட்டலம் கட்டி விற்கவும் பார்த்தேன். யாரும் வாங்கவில்லை. தன் மிளகாய் தன் கண் முன்னால் அரைபடுவதைப் பார்த்தே பழகிய சனம், மூடின பொட்டலத்தை நம்புமா? இரண்டு மாதம் பொட்டலங்கள் என்னைப் பார்த்தன, நான் பொட்டலங்களைப் பார்த்தேன்.

பாக்கியம் அடுப்பைத் தூக்கி ரோட்டுப் பக்கம் வைத்தாள். பெரிய தாச்சியில் மல்லி, சீரகம், கறிவேப்பிலை, கடைசியாக மிளகாய் போட்டு, போகிறவர் வருகிறவர் பார்க்க வறுத்தாள். அரைப்பதையும் வந்து பாருங்கள் என்றாள். வாசம் ரோட்டில் ஏறி, தம்புள்ளையிலிருந்து வரும் பஸ்ஸுக்குள் நுழைந்தது. பஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆட்கள் தும்மினார்கள், தும்மியவர்கள் இறங்கினார்கள். பிறகு அந்த இடத்தில் பஸ் தானாகவே நிற்கத் தொடங்கியது. என் நீளப் பெயரை ஒருவரும் வாசிக்கவில்லை. கொண்டக்டர் மணியை அடித்துக் கத்துவான்: "மிரிஸ் மோல, மிளகா மில்லு! தும்முறவங்க எல்லாம் இறங்குங்க!"

பதினேழாம் நம்பர்

பொங்கலுக்கு முதல் நாள். விடிந்ததிலிருந்து மில் வாசலில் கூட்டம். மேசையில் ஆமினா உம்மா, பக்கத்தில் பொடிமெனிக்கே, படியில் லயத்துச் சனம், எல்லாருக்கும் நடுவில் பிரஷைச் செங்கோல் போலப் பிடித்துக்கொண்டு மாரியாயி. அப்போது ராமையா வந்தார். புது வேட்டி, தோளில் ஒரு சாக்கு. சட்டைப் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். மடித்த இடமெல்லாம் கிழியத் தொடங்கியிருந்தது.

"கெடு முடிஞ்சிருச்சு மச்சான். வர்ற வாரம் தலைமன்னாருல கப்பல். இப்ப கையெழுத்து வச்சாலும் பின்னால வந்து சேரலாம். என்ன சொல்றீங்க?" என்று மெஷின் சத்தத்துக்கு மேலே கத்தினார். நான் பாக்கியத்தைப் பார்த்தேன். ஒரு வருடமாக அவள் இதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. கூடப் பிறந்தவர் அந்த ஒரே அண்ணன்தான். கடல் தாண்டிவிட்டால் திரும்பிப் பார்க்கக் கிடைக்குமோ என்னவோ. அவள் கண் கலங்கியிருந்தது. மிளகாய்க்கு இன்னும் நேரம் வரவில்லை என்பது எனக்குத் தெரியும்.

"சாக்குல என்னண்ணே?" என்றாள்.

ராமையா கொஞ்சம் நெளிந்தார். "மிளகாதான். அங்க தூள் எப்படி இருக்குமோ... ஒரு வருஷத்துக்கு அரைச்சுக் கொண்டு போலாம்னு..."

வாசலில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். பாக்கியம் அந்தத் தாளை அவர் கையிலிருந்து வாங்கினாள். திருப்பி, பின்பக்கத்தில் அவர் பெயரையும் நம்பரையும் எழுதி, சாக்குக்குள் போட்டுக் கட்டினாள். "உங்க நம்பர் பதினேழுண்ணே. இப்ப அரிசி ஓடுது, மிளகா மத்தியானத்துக்கு மேலதான். உக்காந்து சாப்பிட்டுட்டு வாங்கிட்டுப் போங்க."

பாக்கியம் கண்ணை மூடிப் பல வருடமாகிறது, மெஷினும் இரண்டு முறை மாறிவிட்டது, ஆனாலும் மத்தியானத்துக்கு முன்னால் மிளகாய் அரைக்கும் துணிச்சல் இந்த முதலாளிக்கு இன்னும் வரவில்லை.