எல்லாருக்கும் ஒரே திரை

கறுப்புத் திரை. அதன் நடுவில் ஒடுங்கலாக ஒரு பத்தி எழுத்து. அக்காவின் கணினியை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணில் வருவது அதுதான். எங்கள் அலுவலகத்தில் மற்றவர்களின் திரைகளெல்லாம் நெரிசலாக இருக்கும். இடது பக்கம் கோப்புகளின் பட்டியல், கீழே பிழைச் செய்திகள், வலது பக்கம் உதவிக் குறிப்புகள், மூலையில் அவ்வப்போது எட்டிப் பார்த்து மறையும் அறிவிப்புகள். அக்கா இவை ஏதுமில்லாமல் நிரல் எழுதினார். சுட்டியைத் தொடமாட்டார். விசைப்பலகையை விட்டு அவர் கைகள் எழவே எழாது. ஒரு கோப்பின் எண்ணூறாவது வரிக்குப் போக வேண்டுமென்றால் நாலைந்து விசைகள்தான். நாங்கள் சுட்டியை உருட்டி அந்த இடத்தைத் தேடி முடிப்பதற்குள் அவர் திருத்தமே செய்து முடித்திருப்பார்.

அக்கா என்று நான் சொல்வது உடன்பிறந்தவரை அல்ல. தெப்ராவில் ஒரு கடைவரிசையின் மூன்றாம் மாடியில் இருந்த சிறிய மென்பொருள் நிறுவனத்தில் என்னோடு வேலை செய்தவர். என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். வீடு பெக்கான் நானாஸில். தெப்ராவிலேயே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த அவருடைய கணவர் காலையில் காரில் கொண்டுவந்து விட்டு, மாலை ஐந்தரைக்கு வந்து அழைத்துப் போவார். கொள்கலன் லாரிகள் எந்த நேரத்தில் எந்த வாசலுக்கு வர வேண்டும் என்று அட்டவணை போடும் மென்பொருளை நாங்கள் ஒன்பது பேர் எழுதிக்கொண்டிருந்தோம். அதில் தமிழர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. எல்லாரிடமும் ஆங்கிலத்திலும் மலாயிலும் பேசுகிறவர், என் பக்கம் திரும்பும்போது மட்டும் "சாப்டாச்சா தம்பி?" என்பார். நான் குழுத் தலைவனான பிறகும் அவருக்கு நான் தம்பிதான்.

அவரைப் பற்றி அலுவலகத்தில் சின்னச் சின்னப் பேச்சுகள் இருந்தன. பக்கவாட்டிலிருந்து யாராவது தேநீரை நீட்டினால் வாங்கமாட்டார், கர்வம் என்றார்கள். நடைவழியில் இருந்த குப்பைக்கூடையில் அடிக்கடி இடித்துக்கொள்வார். எப்போதும் ஏதோ யோசனை என்றார்கள். ஐந்தரை மணிக்கு ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் கிளம்பிவிடுவார். வீட்டுப் பாசம் என்றார்கள். "இன்னும் லைசென்ஸ் எடுக்காம அண்ணனையே டிரைவரா வச்சிருக்கீங்களே அக்கா" என்று நானே கேலி செய்திருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே "அவரும் இந்தப் பக்கம்தானே வேலைக்கு வராரு" என்பார்.

ஒரு நாள் மதியம் கெலாங் பாத்தாவிலிருந்து வாடிக்கையாளர் ஒருவர் எங்கள் மென்பொருளைப் பார்க்க வந்திருந்தார். அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் அட்டவணையில் ஒரு பிழை தெரிந்தது. அந்தப் பகுதியின் புதிய நிரல் அக்காவின் கணினியில் மட்டுமே இருந்தது. அக்கா கீழே சாப்பிடப் போயிருந்தார். ஓர் எண்ணை மாற்றினால் போதும், நானே செய்துவிடலாம் என்று அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அவர் நிரல் எழுதும் செயலியில் எழுத்து விசையை அழுத்தினால் எழுத்து விழாது. ஒவ்வோர் எழுத்தும் ஒரு கட்டளை. நான் தட்டத் தட்ட வரிகள் காணாமல் போயின. பாதிக் கோப்பு போய்விட்டது. அதிலிருந்து வெளியேறவும் எனக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து யாரோ "அலமாக், பாஸ்!" என்று மலாயில் ஐயோ போட்டுச் சிரித்தார்கள். வாடிக்கையாளரும் சிரித்தார். அதற்குள் அக்கா வந்துவிட்டார். "கொஞ்சம் எந்திரிங்க தம்பி" என்று சொல்லி, நின்றபடியே ஏதோ இரண்டு விசைகளை அழுத்தினார். எல்லாம் திரும்பி வந்தது. பிழையும் ஒரு நிமிடத்தில் சரியானது. அவர் சிரிக்கவில்லை. "பழகாட்டி இப்படித்தான். நானும் மொதல்ல தவிச்சிருக்கேன்" என்றார். மற்றவர்கள் சிரித்ததைவிட அவர் பரிவாகச் சொன்ன அந்த ஒரு பேச்சுதான் என்னை அதிகம் உறுத்தியது.

மூன்று வாரம் கழித்து ஒரு விதி போட்டேன். இனி எல்லாரும் ஒரே செயலியில்தான் நிரல் எழுத வேண்டும். அமைப்பும் ஒன்றாகவே இருக்க வேண்டும்: வெள்ளைப் பின்னணி, இடப்பக்கம் பட்டியல், கீழே பிழைகள், வலப்பக்கம் குறிப்புகள். யாரும் மாற்ற முடியாதபடி அதைப் பூட்டியும் வைத்தேன். காரணங்களை அழகாக வரிசைப்படுத்தி மேலாளரிடம் கொடுத்தேன். எழுதும்போதே தவறு சிவப்பில் தெரியும். புதிதாகச் சேர்பவர்கள் முதல் நாளே வேலையைத் தொடங்கலாம். யார் இடத்தில் யார் உட்கார்ந்தாலும் வேலை ஓடும். அவற்றில் ஒன்றுகூடப் பொய்யில்லை. பலருக்கு வேலை சுலபமாகவும் ஆனது. ஆனால் அந்தக் கடைசிக் காரணத்தை எழுதியபோது என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது அந்த மதியத்துச் சிரிப்பு. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அறிவிப்பு வந்த அன்று மாலை அக்கா என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, நான் மட்டும் பழசையே வச்சுக்கலாமா? எனக்கு அதுதான் சரியா வருது."

"ஏன்கா?"

கொஞ்ச நேரம் பேசாமல் என்னையே பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தது போலிருந்தது. பிறகு, "பழகிருச்சு" என்றார்.

"பழகினா இதுவும் வந்துரும்கா. ஒருத்தருக்கு விட்டா எல்லாரும் கேப்பாங்க."

அவர் தலையசைத்துவிட்டுப் போனார். அந்தச் சில நொடி மௌனத்தை நான் இன்னொரு முறை கேட்டிருந்தால், என்ன விஷயம் என்று அக்கறையோடு விசாரித்திருந்தால், இந்தக் கதையே வேறாக இருந்திருக்கும். நான் விசாரிக்கவில்லை. அவர் வந்து கெஞ்சியதில் எனக்குள் ஒரு திருப்தி இருந்தது என்பதையும் இங்கே மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த இரண்டு மாதங்களில் அக்கா எங்கள் குழுவிலேயே மெதுவாக வேலை செய்பவராக ஆனார். ஒரு காலைப் பொழுதில் முடிக்கிற வேலைக்கு இரண்டு நாள் ஆனது. மூலையில் பிழைச் செய்தி எரிந்துகொண்டிருக்கும், அதைக் கவனிக்காமல் அடுத்த வரிக்குப் போய்விடுவார். சுட்டியின் அம்புக்குறியைத் தேடித் திரை முழுக்கத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். வெள்ளைத் திரை கூசுகிறதென்று கண்களைக் கசக்குவார். மதியத்துக்குள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். இத்தனையையும் என் மேசையிலிருந்தே நான் பார்த்தேன். பிடிவாதம் என்றுதான் எனக்குப் பட்டது.

ஒரு திங்கட்கிழமைக் கூட்டத்தில், யார் யார் எத்தனை வேலைகளை முடித்தார்கள் என்ற பட்டியலைச் சுவரில் பெரிதாகக் காட்டினேன். அக்காவின் பெயர் கடைசியில் இருந்தது. கருவி நல்லதுதான், மற்ற எல்லாருக்கும் உதவியிருக்கிறது, மாறத் தெரியாதவர்கள் இந்தத் தொழிலில் நிற்க முடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பெயர் சொல்லவில்லை, ஆனால் அவரைப் பார்த்தபடிதான் சொன்னேன். எல்லாரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது, "முயற்சி பண்றேன் பாஸ்" என்றார். அவர் என்னைப் பாஸ் என்று கூப்பிட்டது அதுதான் முதல் முறை. அந்த வாரமே வேலையை விட்டு விலகுவதாகக் கடிதம் கொடுத்தார்.

அவர் போன பிறகு, அலுவலக அட்டையைத் திருப்பிக் கொடுத்து அவருடைய சொந்த விசைப்பலகையை எடுத்துப் போக அவர் கணவர் தனியாக வந்தார். தொழிற்சாலைச் சீருடையில் வரவேற்பறையில் நின்றார். ஒரு மரியாதைக்காக, "அக்காவுக்கு இந்தப் புது முறை ஒத்துவரல, அண்ணே" என்றேன்.

"எப்படி ஒத்துவரும் தம்பி? அவளுக்கு நேரா இருக்கறது மட்டும்தான் தெரியும். ரெண்டு பக்கமும் ஒண்ணும் தெரியாது. குழாய் வழியா பாக்கற மாதிரின்னு டாக்டரு சொன்னாரு. இருட்டிட்டா சுத்தமா தெரியாது. அந்தக் கறுப்பு ஸ்கிரீன் இருந்தா போதும், சமாளிச்சிருவேன்னு சொல்லிக்கிட்டு இருந்தா."

"அக்கா எங்கிட்ட சொல்லவே இல்லையே" என்றேன்.

"சொன்னா வேலைய விட்டு எடுத்துருவாங்கன்னு பயம். தமிழ்த் தம்பிதானே, அவர்ட்ட மட்டுமாவது சொல்லுன்னு நான் சொன்னேன். கேட்டுப் பாக்கறேன்னு ஒரு நாள் சொன்னா." அவர் குரலில் கோபமே இல்லை. விசைப்பலகையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "வரேன் தம்பி" என்று லிஃப்டை நோக்கி நடந்தார்.

தேநீர்க் கோப்பையும் குப்பைக்கூடையும் ஐந்தரை மணியும் அந்த இடத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டன. அன்றைக்கே மேலாளரிடம் போய் நடந்ததைச் சொல்லியிருக்கலாம். அக்காவைத் திரும்பக் கூப்பிடச் சொல்லியிருக்கலாம். நான் என் இடத்தில் போய் உட்கார்ந்து மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதினேன். அடுத்த மாதம், ஒரே செயலிக்கு மாறியதால் குழு எப்படி முன்னேறியது என்று மேலதிகாரிகளுக்கு விளக்கச் சொன்னார்கள். விளக்கினேன். கைதட்டினார்கள். ஒருவர் ஏன் விலகினார் என்று கேட்டதற்கு, மாற்றம் பிடிக்கவில்லை என்று பதில் சொன்னேன். நான் செய்தவற்றில் எது மிகவும் கேவலமானது என்று கேட்டால், அந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவரைக் குத்திப் பேசியதைச் சொல்லமாட்டேன். உண்மை தெரிந்த பிறகு சொன்ன இந்தப் பதிலைத்தான் சொல்வேன்.

ஆறு வருடம் ஓடிவிட்டது. இப்போது அலுவலகம் பெரிதாகி, நானும் ஒரு படி மேலே போய்விட்டேன். போன தீபாவளி காலையில், வாழ்த்துச் சொல்லும் சாக்கில், அழிக்காமல் வைத்திருந்த அவருடைய எண்ணுக்கு அழைத்தேன்.

"அட, தம்பியா!" என்றார். தம்பி என்ற அந்த அழைப்பு என்னைக் கூசவைத்தது. சிங்கப்பூர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாராம். பார்வை இன்னும் சுருங்கிவிட்டதாம். எழுதுவதைக் கணினி வரி வரியாக வாசித்துக் காட்ட, காதால் கேட்டே பாதி வேலையை முடித்துவிடுகிறாராம். "மொத நாளே எதுல எழுதினா உங்களுக்கு வசதின்னு கேட்டாங்க. நான் சொன்னேன். சரின்னுட்டாங்க. அவ்வளவுதான் தம்பி" என்றார்.

நான் பல வருடமாக மனதில் எழுதி எழுதி அடித்த மன்னிப்பைத் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தேன். அந்த மதியத்துச் சிரிப்பையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு,

"அந்த ரூல் இன்னும் இருக்கா தம்பி?" என்றார்.

"இருக்குக்கா."

"வேற யாருக்கும் கஷ்டம் இல்லையா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலக்கா."

"நானும் சொல்லலையே, தம்பி."

விடுமுறை முடிந்த முதல் நாள் அந்தப் பூட்டை எடுத்துவிட்டேன். இனி அவரவருக்கு ஏற்ற செயலி, அவரவருக்கு ஏற்ற அமைப்பு என்று அறிவித்தேன். ஏன் என்பதையும் அக்காவின் பெயர் சொல்லாமல் எல்லார் முன்னாலும் சொன்னேன். மதியம் இருக்கைகளின் ஊடே நடந்து பார்த்தேன். ஒரே மாதிரி இருந்த திரைகளில் பாதிக்குமேல் மாறியிருந்தன. ஒருவர் எல்லாப் பெட்டிகளையும் மூடிவிட்டு வெறும் நிரலை மட்டும் வைத்திருந்தார். இன்னொருவர் சிவப்பும் பச்சையும் தனக்குப் பிரித்தறிய வராதென்று நிறங்களையே மாற்றியிருந்தார். ஆரம்ப காலத்திலிருந்து என்னோடு இருக்கும் மலாய்க்காரர் ஒருவர் எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கிக்கொண்டு நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"இத்தனை வருஷம் ஏன் கேக்கல?" என்று அவரிடம் மலாயில் கேட்டேன்.

அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், தாழ்ந்த குரலில் சொன்னார்: "அந்தத் திங்கட்கிழமைக் கூட்டத்தில் நானும் இருந்தேன், பாஸ்."