காலிக் குழாயில் ஆறு கோடுகள்

வெள்ளிக்கிழமை, காலை எட்டு மணி நாற்பது. ரெக்கார்டர் பேனா காகிதத்தில் ஆறு கோடுகளை வரைந்து முடித்திருந்தது. மெஷினுக்குள் நான் வைத்திருந்தது ஒரு காலிக் குழாய்.

இ.பி.ஆர் மெஷினைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய காந்தத்தின் இரு முனைகளுக்கு நடுவே கேவிட்டி என்ற சிறிய உலோகப் பெட்டி இருக்கும். மாதிரியைக் குவார்ட்ஸ் குழாயில் போட்டு அதற்குள் இறக்கி மைக்ரோவேவ் செலுத்துவோம். ஜோடியில்லாத எலெக்ட்ரான் இருந்தால் பேனா அசையும். கிட்டத்தட்ட சம இடைவெளியில் ஆறு கோடுகள் வந்தால் மாங்கனீசு. காலிக் குழாய்க்கு நேர்கோடுதான் வர வேண்டும்.

குழாயை மாற்றினேன். ஆறு கோடுகள். குழாயே இல்லாமல் ஓட்டினேன். அப்போதும் ஆறு. கேவிட்டியைக் கழற்றித் துடைத்த பிறகு கோடு நேரானது. வியாழன்வரை நேராகவே இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் ஆறு.

பேராசிரியர் சிங்களத்தில் கேட்டார்: "நடராஜா, உங்க பேய் வெள்ளிக்கிழமை மட்டும்தான் வேலைக்கு வருமா? நம்ம ஸ்டாஃப் மாதிரியே இருக்கே."

அவர் சிரித்தாலும் விஷயம் சிரிப்பதற்கில்லை. மறுநாள் அந்தக் கேவிட்டிக்குள் ஒரு மனிதப் பல்லை வைக்க இருந்தோம்.

குருவிட்டப் பொட்டலம்

குருவிட்டப் பக்கம் மாணிக்கக் குழி தோண்டும்போது, கல் கிடைக்கும் சரளை மண்ணில் பழைய மிருகங்களின் பற்களும் வரும். இந்நாட்டில் இப்போது இல்லாத காண்டாமிருகத்தின் பல்கூட வந்திருக்கிறது. நெடுங்காலம் மண்ணில் கிடந்த பல், மண்ணின் கதிர்வீச்சை எனாமலில் வாங்கி வைத்துக்கொள்ளும். மெஷின் அதை ஒரு கூரான முனையாகக் காட்டும். பழசாக ஆக முனை உயரும். அண்மையில் புதைந்த பல்லில் அது இராது.

ஒரு குழி முதலாளி அனுப்பிய பொட்டலத்தில், மிருகப் பற்களோடு மனிதக் கடைவாய்ப் பல் ஒன்றும் இருந்தது. அது ஆயிரக்கணக்கான ஆண்டு பழசாக இருக்கும் என்று பேராசிரியர் நம்பினார்.

கேவிட்டியை மீண்டும் துடைத்தேன். துணியில் சாம்பல் நிறத் தூள் ஒட்டியிருந்தது. சோதனையைத் தள்ளிவைத்தோம். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை வழக்கத்தைவிட முன்னதாகவே போனேன். ஆய்வுகூடம் திறந்திருந்தது. கூட்டித் துடைக்கும் லெட்சுமியக்கா காந்தத்துக்கு முன்னால் நின்றிருந்தார். இடது கையில் அந்தப் பல். வலது உள்ளங்கையிலிருந்த திருநீற்றைக் கேவிட்டியின் வாய்க்குள் ஊதினார். என்னைப் பார்த்தும் திடுக்கிடவில்லை.

"என்னக்கா பண்றீங்க?"

"இதுக்குள்ளதானே அத எறக்கப் போறீங்க. வாசல்ல துண்ணூறு போடாம எப்பிடிங்க சேர் அனுப்புறது?"

"யார அனுப்புறது?"

"பொட்டலம் கொண்டாந்த ஆளு எந்தக் குழின்னு சொன்னாரு. எங்க வீட்டுக்காரர் எறங்குன குழிங்க அது."

மழையில் அந்தக் குழியின் சுவர் சரிந்தபோது மற்றவர்களை வெளியே எடுத்தார்கள். லெட்சுமியக்காவின் கணவர் மட்டும் கிடைக்கவில்லை. குழியை மூடிவிட்டார்கள். சில வருடங்களுக்குப் பிறகு இந்த முதலாளி அதைத் திரும்பத் தோண்டினார். தாவரச் சாம்பலில் மாங்கனீசு உண்டு, சாணச் சாம்பலிலும் உண்டு. ஆறு கோடுகளின் கணக்கு அதோடு தீர்ந்தது.

சோதனை எப்படி நடக்கும் என்று அவருக்கு விளக்கினேன்.

"பழசுன்னு வந்தா?"

"அவர் இல்ல."

"புதுசுன்னு வந்தா?"

கேவிட்டியில் ஒட்டியிருந்த திருநீற்றைத் துடைக்கத் தொடங்கினேன்.

"தோட்டத்து லயத்துல என்ன பேசுறாங்கன்னு தெரியுமா சேர்? அவரு அன்னைக்குக் குழிக்கே போகலையாம். எம்பிலிப்பிட்டியவுல ஒருத்தியோட கடை வச்சிருக்காராம். பொட்டு வச்சாலும் சிரிக்கிறாங்க, அழிச்சாலும் சிரிப்பாங்க. எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

சோதனை

பேராசிரியர் லெட்சுமியக்காவை உள்ளே நிற்க அனுமதித்தார். பல்லிலிருந்து கொஞ்சம் எனாமலை மட்டும் எடுத்து, அமிலத்தில் கழுவி, தூளாக்கினோம். முதலில் காலிக் குழாய்: நேர்கோடு. அடுத்து அதே பொட்டலத்து மிருகப் பல்: பேனா காகிதத்தின் விளிம்புவரை ஏறியது. கடைசியாக மனிதப் பல். முனை வர வேண்டிய இடத்தைப் பேனா அசையாமல் கடந்து போனது. பேராசிரியர் இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். அதே கோடு.

"புதுசா?" என்றார் லெட்சுமியக்கா.

"ஓவ்," என்று சிங்களத்தில் ஆமோதித்தார் பேராசிரியர், தாழ்ந்த குரலில்.

லெட்சுமியக்கா சேலைத் தலைப்பால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். துடைத்த இடம் சிவந்திருந்தது. வாளியை எடுத்துக்கொண்டு மிச்சத் தரையைத் துடைக்கப் போனார்.

பொலிஸுக்குத் தெரிவிப்பதற்கு முன் மனிதப் பல்தானா என்று உறுதிசெய்யச் சொன்னார் பேராசிரியர். பகல் பஸ்ஸில் இரத்தினபுரிக்குக் கொண்டு போனேன். பல் வைத்தியர் அதை விளக்கடியில் திருப்பிப் பார்த்தார். மனிதப் பல்தான். ஆனால் வேரின் நுனி இன்னும் மூடவில்லை என்றார்.

"வளர்ந்து முடியாத பல். ஏழெட்டு வயசுப் பிள்ளையோடது."

இளைய டெக்னீஷியன்களுக்கு நான் சொல்வது இதுதான். மாதிரிக்கு முன் காலிக் குழாயை ஓட்டுங்கள். மெஷினிடம் எதைக் கேட்டீர்களோ அதற்கு மட்டும்தான் பதில் வரும். பழசா, புதுசா என்று கேட்டோம். யாருடையது என்று நாங்கள் கேட்கவில்லை. ஆனாலும் அந்தப் பதிலையே இதற்கும் எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் லெட்சுமியக்காவிடம் சொன்னேன். துடைப்புத் துணியை வாளியில் பிழிந்தார்.

"அப்ப நா பொட்டு வைக்கணும்."

"உங்க விருப்பம், அக்கா."

"அந்தப் புள்ள யாருது சேர்?"

பல்லைப் பொலிஸில் ஒப்படைத்தோம். அந்தக் குழியைச் சுற்றிய ஊர்களிலோ தோட்டங்களிலோ பிள்ளை காணாமல் போனதாக ஒரு முறைப்பாடும் இருக்கவில்லை.