அடி தைத்த வலை

பந்து வலைக்குள் விழுந்து, தொப்பென்று அங்கேயே தங்கிவிடும் ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. கூடைப்பந்தில் அப்படி ஓர் ஓசை வரவே கூடாது என்பது எனக்கு வெகுநாள் தெரியாது.

புக்கிட் பெலிம்பிங் பக்கம் இருந்த எங்கள் செம்பனைத் தோட்டத்தில் கூடைப்பந்து ஆடிய முதல் பெண் அமுதா அக்கா. மாநில அணிவரை போய், முட்டி விலகித் திரும்பி வந்தவள், சும்மா உட்காராமல் தொழிலாளர் குடியிருப்பான லயத்துப் பெண்பிள்ளைகளைக் கூட்டி ஓர் அணி சேர்த்தாள். லோரிகள் நிறுத்துமிடத்தை நிர்வாகத்திடம் கெஞ்சி வாங்கித் தந்து, தூண் நட்டு வளையம் மாட்டியவர், தோட்ட வேலையை மேற்பார்த்த மண்டோர் முனியாண்டி மாமா. வலை அடியில் திறந்திருப்பதைப் பார்த்தவர், "கடைக்காரன் ஓட்ட வலைய தலையில கட்டிட்டான்மா!" என்று புலம்பிக்கொண்டே நைலான் கயிற்றால் அழகாகத் தைத்தும் விட்டார்.

அக்கா மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். ஆசையாகத் தைத்தவரிடம் அவிழ்க்கச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அதனால் ஒவ்வொரு முறை பந்து விழுந்ததும், செம்பனைக் குலை வெட்டும் நீண்ட கழியிலிருந்து அரிவாளைக் கழற்றிவிட்டு, அந்தக் கழியால் யாராவது கீழிருந்து குத்தித் தள்ளவேண்டும். அந்த நேரத்தில் நாங்கள் குதித்துக்கொண்டு நின்றால் அக்காவுக்குக் கெட்ட கோபம் வரும்.

"என்னடி வேடிக்கை? பந்து கீழ விழுறதுக்குள்ள நம்ம பக்கம் ஓடி நில்லுங்க லா!"

சபாக் ஊரில் நடந்த போட்டிக்குக் கிளம்பினோம். முதல் ஆட்டத்திலேயே தோற்றால் இடம் மறுபடியும் லோரிகளுக்குத்தான் என்று நிர்வாகம் சொல்லியிருந்தது. கடைசிவரை சமமாகவே போன ஆட்டத்தில், முடியச் சில நொடிகளே இருக்கையில் நான் எறிந்த பந்து வலைக்குள் புகுந்து, வழுக்கிக்கொண்டு தரையில் விழுந்தது. மாமா துள்ளி எழுந்தார்.

"ஐயோ, இங்கேயும் ஓட்ட வலை!"

எதிரணிப் பெண்கள் பந்தை எடுத்து நிமிர்ந்தபோது நாங்கள் ஐவரும் பழக்கதோஷத்தில் எங்கள் பக்கம் போய்க் கையை விரித்து நின்றிருந்தோம். அவர்கள் வழி தேடிக்கொண்டிருக்கும்போதே விசில் ஊதிவிட்டது. இடம் எங்களுக்கே! நான் அழுதேவிட்டேன்.

அங்கே இரண்டு வலையுமே அடி திறந்திருந்ததை மாமா கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். திரும்பும் லோரியில் அக்காவிடம் மெதுவாக, "தெரிஞ்சேதான் விட்டு வச்சியாம்மா?" என்றார்.

"நீங்க தைக்கலன்னா இதுங்க ஓடியிருக்குமா மாமா?"

மறுநாள் அவர் தையலை அறுக்கக் கத்தியோடு வந்தார். நாங்கள் வலையைத் தொடவே விடவில்லை.

இப்போது லயமும் இல்லை, லோரி நின்ற இடமும் இல்லை. அங்கே வரிசை வீடுகள். மாமாவும் போய்விட்டார். எத்தனையோ அணிகளை உருவாக்கி, தலை நரைத்துவிட்ட அக்காவிடம் போன மாதம் என் மகளைச் சேர்த்தேன். மண்டபத்துக்குள் பளபளக்கும் கண்ணாடிப் பலகை, புது வலை. அக்கா அந்த முட்டியோடு ஏணியில் ஏறி, ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றால் வலையின் அடியை இறுக்கிக் கட்டினாள்.

"அம்மா, கோச் தப்பா கட்டுறாங்க!" என்றாள் மகள்.

"சும்மா இரு லா," என்றேன். "பந்து விழுறதுக்குள்ள ஓடு."